பெயர் போடாத டிக்கெட்

நியூசிலாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்து, இன்று கண்ணாடி முன் நின்று நரைமயிர் தேடும் வயதுக்கு வந்துவிட்ட என் தோழர்களே, உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க நான் வகுப்புக்கு வரவில்லை. எனக்கு இழுப்பு என்று அம்மா ஆசிரியையிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு இழுப்பும் இல்லை. நீங்கள் எல்லாம் ஆத்திசூடி ஒப்பித்துக்கொண்டிருந்த அதே பத்து மணிக்கு நான் எங்கள் வீட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஐரோப்பாவில் ரயில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினோரு வயது.

அந்த வருடம் பாரிஸில் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். செப்டம்பர் கடைசிப் பள்ளி விடுமுறைக்குள் நாள் வந்ததால் நாங்கள் நாலு பேரும் போவதாக முடிவாகி, விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. நியூசிலாந்துப் பாஸ்போர்ட் கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கே ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்தோடு பயணம் முடிந்திருந்தால் சிக்கல் இல்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலை. அவரால் பாரிஸுக்கு வர முடியாது. அம்மா அவரைப் பார்த்து இருபது வருடம் ஆகியிருந்தது. தாய் தகப்பன் போன பிறகு அம்மாவையும் சித்தியையும் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் அவர்தான்.

"பாரிஸ் வரைக்கும் போட்டு அண்ணாவைப் பாக்காமத் திரும்பினால், பிறகு நான் ஆரைப் பாக்கப் போறன்?" என்றார் அம்மா.

அப்பா சொன்னார்: "மலிவா ரயில் டிக்கெட் கிடைச்சாப் போவம். கிடைக்காட்டி, பாப்பம்."

எவ்வளவு விலைக்கு மேல் போகக்கூடாது என்றும் ஒரு எண்ணைச் சொன்னார். அந்த எண் என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏறியது.

தேடும் வேலை எனக்கு வந்தது, வேறு ஆள் இல்லாததால். அக்காவுக்குப் பதினைந்து வயது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு "ஐ டோன்ட் கேர்" என்று சொல்வதற்கு மட்டும் கதவைத் திறப்பாள். அம்மா எப்சத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். அப்பா மனுரேவாவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கு இருட்டோடு காரில் போவார். ஒரு சனி விட்டு ஒரு சனி ஓவர்டைம். எப்படித் தேடுவது என்று சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு அங்கிள். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமையிலும் தேய்த்த சட்டைதான் போடுவார்.

"இங்க பாரு பாப்பா," என்றார். "மூணு மாசம் முன்னாடி இருந்தே தினம் நடு ராத்திரி கொஞ்சம் சீப் டிக்கெட் விடுவாங்க. அங்க நடு ராத்திரி பன்னெண்டுன்னா நமக்குக் காலையில பத்து மணி. கரெக்டா அந்த நேரத்துக்கு உக்காந்தா சீப் டிக்கெட் மாட்டும். பத்து நிமிஷம் லேட்டாச்சுன்னா போச்சு."

அதனால்தான் சனிக்கிழமை பத்து மணி. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம்.

அந்தக் கணினி எங்கள் கூடத்தின் மூலையில் இருந்தது. சந்தன நிறம், பின்பக்கம் ஒரு பெரிய தொப்பை. மேலே கை வைத்தால் சூடாக இருக்கும். குளிரில் விரல் விறைத்தால் நான் அதன் முதுகில் கையை வைத்துக்கொள்வேன். ஜன்னல் சட்டத்தில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கும். அம்மா வாரம் ஒருமுறை பிளீச் போட்டுத் துடைப்பார். மழை, பிளீச் மணம், திரையில் நீலக் கோடாக நகரும் பக்கம். அந்தக் கோடு பாதியில் நிற்கும்போது நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.

முதல் சனிக்கிழமை கிடைத்த விலை அப்பா சொன்ன எண்ணைவிட இரண்டு மடங்கு. இரண்டாவது சனி கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது சனிக்கிழமை எண்ணுக்குள் ஒன்று மாட்டியது. நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். அப்பா அன்று வீட்டில் இருந்தார். வந்து என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"மாறி ஏற எத்தினை நிமிஷம் இருக்கு?"

"பன்னிரண்டு, அப்பா."

"காணாது. பெட்டி படுக்கையோட ஓட ஏலாது. விடு."

அடுத்த முறை மாறி ஏற ஒரு மணி நேரம் இருந்த டிக்கெட்டைக் கண்டுபிடித்தேன். அது விடிய மிக நேரத்துக்குக் கிளம்புகிறது என்றார். அதற்கடுத்தது நேரம் பிந்திப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு தரமும் அவர் கடைசியில் ஒரே ஒரு காரியம் செய்வார். "கீழ சின்ன எழுத்தில என்ன போட்டிருக்கு, வாசி பிள்ளை" என்பார். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன்: மலிவு டிக்கெட்டில் பயணியின் பெயர் இருக்கும், மாற்ற முடியாது, பணம் திரும்பக் கிடைக்காது, ரயிலில் கேட்டால் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

"விலை கூடின டிக்கெட்டில?"

"அதில பெயர் இல்லை. ஸ்டேஷனில எடுக்கலாம். ஆரும் போகலாம்."

"ஆரும் போகலாம்," என்று அவர் திருப்பிச் சொல்வார். அவருடைய மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். பிறகு நேராக நிமிர்ந்து, கராஜுக்குள் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்காது.

பணம் திரும்பக் கிடைக்காது என்ற வரிக்குத்தான் அவர் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அங்கிளும் அப்படித்தான் நினைத்தார். ஒரு சனிக்கிழமை அவரே வந்து உட்கார்ந்து, பயணத்தை ஸ்ட்ராஸ்பூர்க்கில் இரண்டாக வெட்டி இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் பாதி விலை என்று கண்டுபிடித்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணா, இதவிடச் சீப்பா உலகத்துல கிடைக்காது. ஆமா, சொல்லிட்டேன். இப்பவே போட்டுரலாமா?"

"பாப்பம் தம்பி," என்றார் அப்பா.

போகும்போது அங்கிள் வாசலில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணா கொஞ்சம் ரொம்பவே காசு பாக்குறார்."

அம்மா சிரித்து அனுப்பிவிட்டார். கதவைச் சாத்திய பிறகு அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மட்டுமே பார்த்தேன்.

அதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒரு கதை நிலைத்திருந்தது: அப்பாவும் மாமாவும் பேசுவதில்லை. மாமா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் எடுப்பார். அப்பா அந்நேரம் குளித்துக்கொண்டிருப்பார், அல்லது பால் வாங்கத் தெருமுனை டெயரிக் கடைக்குப் போயிருப்பார். இருவரும் ஒரே வகுப்பில் படித்த சிநேகிதர்கள், மாமாதான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார் என்பது தெரியும். பிறகு ஏன் என்று தெரியாது. கேட்டால் அம்மா, "ஆம்பிளையளின்ர கோவம்," என்பார்.

ஜூலைக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி போன் செய்தார். மாமாவுக்கு இப்போது கண்ணும் மங்குகிறதாம். தங்கச்சி வரும்போது முகம் தெரிய வேண்டுமே என்று சொன்னாராம். அம்மா போனை வைத்துவிட்டு வெங்காயம் வெட்டினார். ஒரு கிலோ வெங்காயமும் வெட்டி முடித்த பிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா ஓவர்டைம். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் நாலு பாஸ்போர்ட்டும் வங்கி அட்டையும்.

பத்து மணி. பக்கம் திறந்தது. அங்கிள் காட்டித் தந்த வழியிலேயே இரண்டாக வெட்டித் தேடினேன். முதல் பாதி இருந்தது. இரண்டாம் பாதியில் நாலு இடம் இருந்தது. அப்பா சொன்ன எண்ணுக்கு எவ்வளவோ கீழே.

"எல்லாம் சரியோ? மாறுற நேரம்? போய்ச் சேருற நேரம்?"

"ஓம் அம்மா. எல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப பேரை அடி."

பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அப்பாவின் பெயர் அவருடைய தகப்பன் பெயரோடு சேர்ந்து பெட்டியைவிட நீளமாக இருந்தது. கடைசி இரண்டு எழுத்து உள்ளே போக மறுத்தது. அம்மாவைப் பார்த்தேன்.

"அப்பாட்டக் கேக்கவேண்டாமா?"

அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ அழுத்து."

அழுத்தினேன். நீலக் கோடு நகர்ந்து, பாதியில் நின்று, மறுபடி நகர்ந்தது. அச்சு இயந்திரம் உறுமிக்கொண்டு தாள்களை வெளியே தள்ளியது. அம்மா அவற்றை எடுத்து, இன்னும் ஈரம் காயாத மையில் விரல் படாமல், சாப்பாட்டு மேசையில் அப்பா உட்காரும் இடத்தில் வைத்தார்.

அப்பா இரண்டு மணிக்கு வந்தார். தொழிற்சாலைப் பூட்ஸைக் கழற்றினார். மேசையில் இருந்த தாளை எடுத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்து நான் அக்காவின் அறை வாசலில் போய் நின்றுகொண்டேன். அவர் சத்தம் போடவில்லை.

"என்ர பேரைப் போட்டிட்டியளோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"காசு போச்செண்டு பாக்கிறியளோ?" என்றார் அம்மா. "உங்கட காசை நான் ரெட்டிப்பா வேலை செய்து தாறன். என்ர அண்ணாவை எனக்கு ஆர் தருவினம்?"

அப்பா கழற்றிய பூட்ஸை மறுபடி போட்டார். கயிற்றைக் கட்டாமலே வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். வீட்டு முன்னால் நின்ற காருக்குள், மழையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் அப்படியே இருந்தார்.

அம்மா தேநீர் ஊற்றி என்னிடம் கொடுத்தார். தான் கொண்டு போக மாட்டார் என்பது அதன் பொருள்.

காருக்குள் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்திருந்தது. அட்டைப் பெட்டிப் பசையின் மணம், ஈரமான பூட்ஸ் சப்பாத்தின் மணம். அப்பா தேநீரை வாங்கினார். ஆவி பிடித்த கண்ணாடியில் விரலால் தன் பெயரின் முதலெழுத்தை எழுதி, உடனே உள்ளங்கையால் துடைத்தார். அப்போதுதான் இது காசு விஷயமல்ல என்று எனக்குப் பட்டது.

"அப்பா, ஐயாம் சாரி," என்றேன்.

"நீ ஒண்டும் பிழை செய்யேல்ல." பிறகு கேட்டார்: "பிள்ளை, அவங்கட கம்ப்யூட்டரில பழைய ஆக்களின்ர பேர் எவ்வளவு காலம் இருக்கும்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். என்னிடம் சொன்னாரா, ஆவி படிந்த கண்ணாடியிடம் சொன்னாரா தெரியாது.

அக்கா அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, மாமா கூப்பிட்டு, ஏஜென்ட் பிடித்து, அப்பா ஜெர்மனிக்குக் கிளம்பினார். கிழக்குப் பக்கமிருந்து எல்லை தாண்டும் ரயிலில் ஆறு பேர். கையில் வேறு யாரோ ஒருவரின் பாஸ்போர்ட். எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் வந்ததும் ஒரு சின்ன ஸ்டேஷனில் காவலர்கள் ஏறினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார்கள். அப்பா கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். கதவைத் தட்டினார்கள். திறந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்த மேடையில் இறக்கி நிறுத்தினார்கள். அதே நேரம் ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனில் மாமா ஒரு கம்பளிக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்துக்கொண்டு நின்றார்.

"மூண்டு நாள் ஒரு அறையில வைச்சுக் கேட்டாங்கள். இஞ்ச ஆர் இருக்கினம், ஆர் கூப்பிட்டது எண்டு. நான் சொல்லேல்ல. நாலாம் நாள்..." தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "சப்பாத்துக்குள்ள ஒரு கடதாசித் துண்டு வைச்சிருந்தன். மாமாவின்ர நம்பர். எடுத்துக் குடுத்திட்டன்."

அவரை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமாவைக் காவல்துறை தேடிப் போனது. ஆள் கடத்துகிறவர் என்று சந்தேகம், விசாரணை, வழக்கு. மாமாவின் அகதி விண்ணப்பம் வருடக்கணக்கில் கிடப்பில் விழுந்தது. மாமியைக் கூப்பிட ஆறு வருடம் ஆனது. அதற்குள் அவர்களுக்குப் பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டது.

"நம்பர் குடுத்தது ஏஜென்ட் எண்டு மாமா நினைச்சுக்கொண்டிருக்கிறார். எந்த முகத்தோட அவரோட கதைக்கிறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மாட்டச் சொல்லாத, பிள்ளை."

தலையாட்டினேன். வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அம்மா, "என்ன சொன்னவர்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை," என்றேன்.

நண்பர்களே, நமக்கெல்லாம் அந்த வயதில் பெற்றோருக்காக எவ்வளவோ மொழிபெயர்த்த அனுபவம் இருக்கிறது. வங்கிக் கடிதம், டாக்டர் சீட்டு, பள்ளிக்கூட நோட்டீஸ். இந்த ஒன்றை மட்டும் என்னால் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கொண்டுபோக முடியவில்லை. எட்டு நாள் அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா அப்பாவோடு பேசவில்லை. "சோறு மேசையில இருக்கெண்டு அப்பாட்டச் சொல்லு" என்பார், அப்பா மூன்றடி தள்ளி நிற்கும்போதே. அம்மாவுக்கு அவர் கஞ்சன். அக்காவுக்கு அவர், அம்மாவுக்குப் பதில் சொல்லாத கோழை. உண்மை எனக்குத் தெரியும். வாய் திறக்க முடியாது. எட்டாம் நாள் இரவு சாப்பிட்டதை வாந்தி எடுத்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லையே என்றார். அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எதனால் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. பின்னேரம் ஆறு மணி, அங்கே காலை எட்டு. அப்பா டெயரிக்குப் போய் ஒரு போன் கார்ட் வாங்கி வந்தார். உங்களுக்கு அந்தக் கார்டு நினைவிருக்கும். நாணயத்தால் சுரண்டினால் வெள்ளிப்பொடி உதிர்ந்து நம்பர் தெரியும். அவர் சுரண்டினார். நம்பரை என்னிடம் தந்து அழுத்தச் சொன்னார். மணி போகும்போது ஸ்பீக்கர் பட்டனை அவரே அழுத்தினார். அம்மா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கை தவறியதா, அம்மா கேட்கட்டும் என்றுதானா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

"ஹலோ?" மாமாவின் குரல்.

"மச்சான், நான்தான்."

குசினியில் தண்ணீர் நின்றது.

"மச்சான், ஒரு விஷயம் சொல்லவேணும். அண்டைக்கு... உன்ர நம்பரைக் குடுத்தது ஏஜென்ட் இல்லை."

"தெரியும்," என்றார் மாமா.

"என்ன தெரியும்?"

"நீதான் எண்டு தெரியும். கடிதத்தில நான் எழுதி அனுப்பின நம்பர். அதைக் கிழிச்சு வைச்சிருந்திருக்கிறாய். பொலிஸ்காரன் அதைத் தூக்கி மேசையில வைச்சு, இது ஆர்ற எழுத்து எண்டு கேட்டான். என்ர எழுத்து எனக்குத் தெரியாதோ?"

அப்பா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "அப்ப ஏனடா ஒரு வார்த்தை கேக்கேல்ல?"

"நான் உன்னை என்னெண்டு கேக்கிறது? அந்த ஏஜென்டைப் பிடிச்சுத் தந்ததே நான். பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை விட்டிட்டு வாடா எண்டு கூப்பிட்டதும் நான். உன்னை அடிச்சாங்களோ எண்டு கூட எனக்குத் தெரியாது. அந்தக் கோவத்திலதான் நீ என்னோட கதைக்கேல்ல எண்டு நினைச்சன்."

அம்மா ஈரக் கையோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். தண்ணீர் விரல்களிலிருந்து கம்பளத்தில் சொட்டியது. அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது என்று சொல்ல ஆசைதான். இருந்தது கோபம். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தன்னிடம் சொல்லாத கோபம். அது கொஞ்சம் தணியவே ஒரு மாதம் ஆனது. நாங்கள் விமானம் ஏறும்வரை முழுதாக ஆறவும் இல்லை. ஆனால் அந்தக் கணம் அவர் போய் அப்பாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தள்ளி வைத்தார். அப்பா அதில் உட்கார்ந்தார்.

இரண்டு ஆண்களும் அழுதார்களா என்று கேட்காதீர்கள். மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் யாருடைய மூக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடையில் ஒரு பெண் குரல் நுழைந்து, இன்னும் இரண்டு நிமிடம்தான் மீதம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

"டிக்கெட் போட்டாச்சோ?" மாமா அவசரமாகக் கேட்டார். "ஆர் போட்டது?"

"சின்னவள்," என்றார் அப்பா.

"அவளைக் கூப்பிடு. எத்தினை மணிக்கு வருது எண்டு சொல்லச் சொல்லு. நான் எழுதுறன்."

நான் ஓடிப் போய்த் தாளை எடுத்து வந்தேன். போனுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று வாசித்தேன். கிளம்பும் நேரம், மாறும் இடம், வண்டி நம்பர். மாமாவுக்குக் கண் மங்கல். பெரிய எழுத்தில் மெதுவாக எழுதினார். பேனா தாளில் ஓடும் சத்தம் கூடக் கேட்டது. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பெண் குரல் மறுபடி வந்தது, ஒரு நிமிடம்.

"பதினாலு நாற்பத்தேழு," என்றேன். "மாமா, பதினாலு நாற்பத்தேழு."

"பதினாலு நாற்பத்தேழு. மேடை?"

"மேடை போடேல்ல, மாமா. அங்க வந்துதான் தெரியும்."

"பரவாயில்லை. நான் கண்டுபிடிப்பன். நீங்கள் ரயிலை விட்டிறங்கின இடத்தில அசையாம நில்லுங்கோ. எங்கயும் போகாதே—"

கார்டு முடிந்துவிட்டது.

எங்கள் ரயில் ஆறு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். மேடையில் தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் ஒருவர், கதவு கதவாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார். அம்மா வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

அப்பாதான் முதலில் இறங்கினார்.